மழை வருமுன் கிள்ளான் கேட்ஸ் அணையிலும் பத்து (Batu) அணையிலும் தண்ணீரை இறக்கிவிட வேண்டாமா?

ஸ்ரீமூடா சேகர்
வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் வெள்ளத் தகவல் தரும் இன்ஃபோபஞ்சிர் தளத்தில், கோலாலம்பூருக்கு மேலே உள்ள இந்த இரண்டு அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்து வருகிறேன். மட்டம் உயரத்திலேயே நிற்கிறது. இன்னொரு பக்கம் வானிலைத் துறையான மெட் மலேசியா தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு என்று எச்சரிக்கை விடுகிறது. மழை வரப்போகிறது என்று தெரிந்தும் அணையை ஏன் நிறைத்து வைத்திருக்க வேண்டும்? ஒழுகும் கூரைக்கு அடியில் நிறைகுடத்தை வைத்து என்ன பயன்?

2021 டிசம்பரில் கோலாலம்பூரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலாமில் உள்ள எங்கள் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வரிசை வீடுகளின் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியது. படகு வரும் வரை மாடியில் உட்கார்ந்திருந்தோம். நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பருவ வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறையே சொன்னது.

நான் கேட்பது இதுதான். எச்சரிக்கை ஆரஞ்சுக்குப் போன உடனே இரண்டு அணைகளிலும் தண்ணீரை இறக்க ஆரம்பிக்க வேண்டும். மழை வராமல் போனால் போகட்டும், தண்ணீரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மதகுக்காரர்
சேகர் தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அணையின் கணக்கு வேறு. நான் வேறொரு மாநிலத்தில் அணைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன்.

கிள்ளான் ஆற்றுப் படுகை மொத்தம் சுமார் 1,288 சதுர கிலோமீட்டர். அதில் கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 77. பத்து அணைக்கு மேலே சுமார் 50. இரண்டையும் சேர்த்தால்கூடப் படுகையில் பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கில் பெய்யும் மழைக்கு நடுவே அணையே இல்லை. கூரை, தார்ச்சாலை, சிமெண்ட் கால்வாய் வழியாக நேரே ஆற்றுக்கு வந்துவிடுகிறது.

ஸ்ரீ மூடா ஆற்றின் கடைப்பகுதியில் இருக்கிறது, தரையும் தாழ்வு. அதற்கு முன்பே டாமன்சாரா ஆறும் வந்து கலந்துவிடுகிறது. கடல் ஏற்றமும் அதே நேரத்தில் அமைந்துவிட்டால் தண்ணீர் இறங்க வழி கிடைக்காது. 2021-இல் இரண்டு அணைகளும் வறண்டே கிடந்திருந்தாலும் உங்கள் வரிசையில் தண்ணீர் ஏறித்தான் இருக்கும் என்பது என் கருத்து. உங்கள் தாமானுக்கு வேண்டியது கரையும், பம்ப் நிலையமும், கால்வாய் மடையும். அணையைப் பற்றிப் பேசப் பேச அவை பின்னுக்குத் தள்ளப்படும். அதுதான் எனக்குக் கவலை.

ஸ்ரீமூடா சேகர்
ஐயா, ஸ்ரீ மூடாவை விடுங்கள். மஸ்ஜித் ஜாமேக், கம்போங் பாரு, டத்தாரான் மெர்டேக்கா இவற்றைப் பாருங்கள். 1971 ஜனவரி வெள்ளத்தில் தலைநகரத்தில் 32 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு அப்புறம்தான் 1958-இல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணையை உயர்த்தினார்கள், 1980-களில் பத்து அணையைக் கட்டினார்கள். வெள்ளத்தைத் தடுப்பதும் அவற்றின் வேலைதான். அப்படியிருக்க, குடிநீருக்காக நிறைத்து வைப்பது மட்டும் எப்படி முதல் கடமையாகும்?

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னை இருக்கிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியில் திறப்பை விநாடிக்கு 29,000 கன அடி வரை கூட்ட வேண்டியதாயிற்று. அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் தூக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்று இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அறிக்கையில் எழுதினார். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருந்தால்?

செந்தூல் கமலா
சேகர், "தண்ணீரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். 1998-இல் எல் நினோ வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கே பங்கீட்டில் தவித்தது. அடுக்குமாடியில் லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கு வாளி வாளியாகத் தூக்கியவள் நான். லாரி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கிழவிகளும் பிள்ளைகளும்தான் வரிசையில் நிற்பார்கள். 2014-இலும் அதே கதைதான். சுங்கை சிலாங்கூர் அணை வற்றி, இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை என்ற கணக்கில் குழாயைத் திறந்தார்கள்.

இரண்டு வறட்சியுமே ஆண்டின் முதல் மாதங்களில் தொடங்கியவை. அதாவது டிசம்பரில் "மழைக்காலம்தானே" என்று திறந்துவிட்ட தண்ணீருக்கு, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஏங்க வேண்டிவரும். வெள்ளம் வந்தால் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் மையம் திண்டாடுவதை யார் காட்டுகிறார்கள்?

ஆற்றோரம்
நான் நீரியல் படிக்கும் மாணவி. இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைக் கலந்து பேசுவதாகப் படுகிறது. கோலாலம்பூருக்கு இரண்டு வகை மழையில் வெள்ளம் வருகிறது.

ஒன்று, பெரும்பாலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் திரளும் இடிமழை. ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அம்பாங்கில் கொட்டும், கெப்போங்கில் வெயில் அடிக்கும். எந்தப் பள்ளத்தாக்கில் கொட்டும் என்பதைக் காலையிலேயே எந்தக் கணினி வானிலை மாதிரியாலும் சொல்ல முடியாது. 2007 ஜூன் 10 போன்ற திடீர் வெள்ளங்கள் இந்த வகை. இதற்கு முன்கூட்டியே அணை திறப்பதில் அர்த்தமே இல்லை. எங்கே, எவ்வளவு என்று தெரியும்போது மழை முடிந்திருக்கும்.

இன்னொன்று, 2021 டிசம்பரில் வந்தது. தென்சீனக் கடலில் உருவான தாழ்வழுத்தம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. அளவு துல்லியமாகத் தெரியாவிட்டாலும், அகலமான மழைப்பட்டை வருகிறது என்பது முன்னமே தெரியும். இந்த வகைக்குத்தான் சேகர் அண்ணன் கேட்பது பொருந்தும்.

கமலா அக்கா சொன்ன பயத்துக்கு உண்மையான உதாரணமே உண்டு. கலிபோர்னியாவில் மெண்டோசினோ ஏரியில் 2012 டிசம்பரில் வெள்ளக் கொள்ளளவைக் காலியாக வைக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி தண்ணீரை வெளியேற்றினார்கள். அடுத்து வந்த 2013 கடும் வறட்சி. போன தண்ணீர் போனதுதான். அதனால் முன்னறிவிப்பே வேண்டாம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. வானிலை முன்னறிவிப்பை அணை இயக்க விதிக்குள் கொண்டுவரும் முறையை அங்கே சோதித்தார்கள். பெருமழை வருவதாகத் தெரிந்தால் இறக்குவது, வராது என்று உறுதியாகத் தெரிந்தால் தேக்கி வைப்பது. அதாவது முன்னறிவிப்பை வைத்துத் தண்ணீரைத் திறக்க மட்டுமல்ல, சேமிக்கவும் முடியும்.

மதகுக்காரர்
அம்மா, நன்றாகப் பிரித்துச் சொன்னீர்கள். ஆனால் ஏட்டில் "இறக்குவது" என்று ஒரு சொல்லில் முடிகிற வேலை, அணையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

உத்தரவு வந்த உடனே மதகைத் தூக்கிவிட முடியாது. முதலில் அளவுகோலைப் படித்து நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவோம். கீழே உள்ள போலீஸ் நிலையம், மாவட்ட அலுவலகம், கிராமத் தலைவர் எல்லோருக்கும் தொலைபேசி. சிலர் எடுக்க மாட்டார்கள், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். சைரன் ஊதுவோம். சைரன் ஊதினாலும் தூண்டில் போடுகிறவர் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு ஆறு அமைதியாகத்தான் தெரியும். அதனால் ஒரு வண்டியில் ஒலிபெருக்கியோடு கரையோரம் போய், மணல் அள்ளுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், குளிக்கிறவர்கள் ஒருவர் விடாமல் ஏற்றிவிட்ட பிறகுதான் மதகு ஒரு சாண் உயரும். அப்புறம் காத்திருந்து கீழே மட்டம் எவ்வளவு ஏறியது என்று கேட்டுவிட்டு அடுத்த சாண்.

இதில் ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 அக்டோபர் 23 இருக்கிறது. கேமரன் மலையில் சுல்தான் அபு பாக்கார் அணையில் நள்ளிரவு தாண்டித் தண்ணீர் திறக்கப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின, வீடுகள் போயின. மேலே காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களிலிருந்து வந்த வண்டலால் ஏற்கெனவே தூர்ந்துபோயிருந்த ஏரி அது. அணையில் நின்றவர்களுக்கு அன்று நல்ல வழி என்று ஒன்று இருந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன். திறப்பே ஒரு வெள்ளம்தான் தம்பி. மழை வெள்ளத்துக்குப் பெயர் இயற்கை, திறப்பு வெள்ளத்துக்குப் பெயர் அணைக்காரன்.

செம்பரம்பாக்கத்தை இங்கே அப்படியே பொருத்தவும் முடியாது. அங்கே அன்று அடையாற்றில் வந்தது அந்த ஏரித் தண்ணீர் மட்டுமல்ல, மேலே இருந்த பல ஏரிகளின் உபரியும் சேர்ந்து வந்தது.

ஸ்ரீமூடா சேகர்
நீங்கள் சொல்வது ராத்திரியில், அவசரத்தில், நிரம்பி வழியும் நேரத்தில் திறப்பது. நான் கேட்பது பகலில், மழைக்கு முன்னால், ஆறு தாழ்ந்து இருக்கும்போது திறப்பது. பெர்த்தாமில் நடந்தது என் வாதத்துக்குத்தான் சாதகம். முன்னமே இறக்கியிருந்தால் நள்ளிரவில் திறக்க வேண்டி வந்திருக்குமா?

பினாங்கு பூபாலன்
இடையில் வருகிறேன். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் எங்கள் மாநிலத்தில் ஏழு பேர் இறந்தார்கள். 1962-இல் கட்டிய ஆயர் ஈத்தாம் அணை குடிநீருக்கானது, சிறியது. அதைக் காலியாக வைத்திருந்தாலும் சுங்கை பினாங்கு கரையில் ஒன்றும் மாறியிருக்காது. தீவில் எங்களுக்கு மலைச்சரிவும், கால்வாயும், நீர் தேங்கும் குளங்களும்தான் கேள்வி. கோலாலம்பூருக்காவது விவாதிக்க ஒரு மதகு இருக்கிறது. அதற்குரிய விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரம்
விதி எழுத எண் வேண்டும். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கிள்ளான் கேட்ஸ் நீர்ப்பிடிப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 77 சதுர கிலோமீட்டருக்கு 77 லட்சம் கன மீட்டர் தண்ணீர். காடு கொஞ்சம் குடித்துவிடும், மீதி அணைக்கு வரும். ஒப்பிட்டுப் பார்க்க, 2007-இல் திறந்த, வெள்ளநீருக்கும் வாகனங்களுக்கும் பயன்படும் ஸ்மார்ட் சுரங்கமும் அதன் குளங்களும் சேர்ந்து பிடிக்கக்கூடியது சுமார் 30 லட்சம் கன மீட்டர். ஆக, அணையில் 30 லட்சம் கன மீட்டர் இடம் முன்கூட்டியே கிடைத்தால் இன்னொரு ஸ்மார்ட் கிடைத்த மாதிரி. கூடுதல் செலவும் பெரிதாக இல்லை.

அந்த 30 லட்சத்தை 24 மணி நேரத்தில் இறக்க விநாடிக்கு 35 கன மீட்டர் போக வேண்டும். ஸ்மார்ட் வாயில், அம்பாங் ஆறு கிள்ளானோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஓட்டம் விநாடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டும்போதுதான் தண்ணீரைச் சுரங்கத்துக்குத் திருப்புகிறார்கள். 150-ஐத் தாண்டினால் அடுத்த கட்டத்துக்குத் தயாராகி, வாகனங்களை வெளியேற்றிச் சாலைப் பகுதியை மூடுகிறார்கள். ஆகவே மழையில்லாத நாளில் 35 என்பது ஆறு தாங்கக்கூடிய அளவு. இரண்டு நாள் கிடைத்தால் பதினெட்டுக்கும் குறைவு.

மதகுக்காரர்
கணக்கு சரி. ஆனால் "மழையில்லாத நாளில்" என்று நீங்களே போட்ட நிபந்தனையைப் பாருங்கள். எச்சரிக்கை ஆரஞ்சுக்கு வரும் நாளில் பிற்பகல் இடிமழையும் சேர்ந்து வரலாம். 35 ஓடிக்கொண்டிருக்கும்போது அம்பாங்கில் கொட்டினால், ஸ்மார்ட் வாயிலில் இருக்கும் இடத்தில் பாதியை நாமே முன்னால் எடுத்துக்கொண்டுவிட்டோம். மதகை மூடினாலும் ஆற்றில் இறங்கிவிட்ட தண்ணீரைத் திருப்பி அழைக்க முடியாது. அணையிலிருந்து மஸ்ஜித் ஜாமேக் நேர்க்கோட்டிலேயே பத்துப் பதினொரு கிலோமீட்டர், அது ஓடி முடிக்கச் சில மணி நேரம் ஆகும்.

பத்து அணை இன்னும் சிக்கல். அதன் தண்ணீர் பத்து ஆறு, கோம்பாக் ஆறு வழியாக வருகிறது, ஸ்மார்ட் வாயிலைத் தொடுவதே இல்லை. இரண்டு அணைகளுக்கும் ஒரே விதி எழுதக்கூடாது.

அப்புறம், யார் கையெழுத்துப் போடுவது? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2011 ஜனவரி வெள்ளத்துக்கு விவன்ஹோ அணையை இயக்கியவர்கள்மீது ஆயிரக்கணக்கான மக்கள் வழக்குப் போட்டார்கள். அதுவும் குடிநீர், வெள்ளம் இரண்டுக்கும் கட்டிய அணை. வரப்போகும் மழையை நம்பி முன்கூட்டியே திறக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2019-இல் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021-இல் மேல்முறையீட்டில், அணையை இயக்கிய அமைப்பைப் பொறுத்தவரை அது ரத்தானது. படித்த நீதிபதிகளே பத்து வருஷம் கழித்தும் ஒத்துப்போகாத முடிவை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பணியாளர் எடுக்க வேண்டும் என்கிறீர்கள்.

செந்தூல் கமலா
ஐயா சொன்ன கடைசி வரிதான் எனக்கும் முக்கியம். முடிவை அந்த ஒரு ஆள் தலையில் கட்டாதீர்கள். எவ்வளவு தண்ணீரை இழக்க ஊர் தயார் என்பதை ஊர்தான் முன்னமே முடிவு செய்ய வேண்டும். இறக்கிய தண்ணீர் திரும்ப வரவில்லையென்றால் வேறு எந்த அணையிலிருந்து, எந்தச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக எங்கள் பகுதிக்கு ஈடு செய்வீர்கள் என்று அதே காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். அது இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். இல்லையென்றால் எதிர்ப்பேன்.

ஆற்றோரம்
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், அக்கா. நவம்பர் முதல் ஜனவரி வரை கிள்ளான் கேட்ஸில் கொஞ்சம் இடத்தை நிரந்தரமாகக் காலியாக வைப்பது. அதற்கு மேல் இறக்க ஒரே ஒரு மாதிரியை நம்பாமல், பல மாதிரிகள் ஒரே திசையில் சொன்னால் மட்டும் திறப்பது. பகலில் மட்டும். அம்பாங் மழைமானியில் குறிப்பிட்ட அளவு தாண்டினால் உடனே மூடுவது. பிப்ரவரிக்குள் மட்டம் திரும்பாவிட்டால் ஈடு எங்கிருந்து என்பது. இவற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், பணியாளர் விதியைப் பின்பற்றினாரா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வியாக இருக்கும்.

மழை வராமல் போகும் தடவைகளும் வரும். ஐந்து தடவை இறக்கி இரண்டு தடவைதான் பெருமழை வந்தது என்றால், அதைத் தோல்வி என்று எழுதக்கூடாது. அந்த மூன்று தடவைக்கு என்ன விலை கொடுத்தோம், அந்த இரண்டு தடவையில் என்ன காப்பாற்றினோம் என்று எடைபோட வேண்டும்.

மதகுக்காரர்
வெளியிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பருவத்துக்கு இடம் ஒதுக்குவதும் சரி. முன்னறிவிப்பை நம்பி மேலும் இறக்குவதில்தான் இன்னும் உடன்பாடில்லை. நம் மழை கலிபோர்னியா மழை அல்ல. அங்கே கடலிலிருந்து வரும் ஈரப்பட்டையை நாட்கணக்கில் பின்தொடரலாம். இங்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்தால் மெட் மலேசியா சொன்னது பலித்த மாதிரிதான், ஆனால் நம் 77 சதுர கிலோமீட்டரில் ஒரு துளி விழாது. முதலில் கடந்த ஆண்டுகளின் எச்சரிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அணைக்கு மேலே எவ்வளவு பெய்தது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த அட்டவணை இல்லாமல் மதகில் கைவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஸ்ரீமூடா சேகர்
அந்த அட்டவணையை யார் போடுவார்கள் என்று காத்திருந்தால் இன்னொரு டிசம்பர் வந்துவிடும். தரவு வரும் வரை எச்சரிக்கையான பக்கம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். எனக்கு எச்சரிக்கையான பக்கம் என்றால் காலி அணை. ஐயாவுக்கும் கமலா அக்காவுக்கும் நிறைந்த அணை. இதில் நாம் இன்று ஒத்துப்போகப் போவதில்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இப்போது தெளிவாகிவிட்டது. குடியிருப்பாளர் சங்கம் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு எழுதப்போகும் கடிதத்தில் மூன்றைச் சேர்க்கிறேன். கரையை உடைக்காமல் ஒரு மீட்டர் இறக்க ஒவ்வொரு அணையிலும் எத்தனை மணி நேரம் ஆகும்? நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளத்துக்கென்று எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? திறப்பை முடிவு செய்பவர் யார், எந்த எழுத்து விதிப்படி?

மதகுக்காரர்
முதல் கேள்விக்குப் பதில் உடனே கிடைக்கும். எந்த நீர்மட்டத்தில் மதகு எவ்வளவு திறந்தால் எவ்வளவு போகும் என்ற வரைபடம் இல்லாத அணை கிடையாது. நான்காவதாக ஒன்றையும் சேருங்கள் தம்பி: கிள்ளான் கேட்ஸில் இதுவரை எவ்வளவு தூர் சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது அளந்தார்கள். பெர்த்தாமில் அது தெரிந்தும் சரிசெய்ய முடியாமல் போனது. இங்கே இன்னும் நேரம் இருக்கிறது.

செந்தூல் கமலா
ஐந்தாவதாக என் ஈட்டுக் கேள்வி. அது இல்லாமல் கடிதத்தை அனுப்பாதீர்கள். அதையும் சேர்த்தால் செந்தூல் அடுக்குமாடியில் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.